கேள்வி – பதில்: தள்ளி நின்று பார்ப்பதும் வேலைதான்

காட்டுயிர் மீட்பு மையங்களின் பணி குறித்து வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளில், ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு, எஞ்சியவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். கால்நடை மருத்துவனாக இத்தகைய மையங்களில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்பதால், என் அனுபவத்தோடு என் பிடிவாதங்களும் சில இடங்களில் கலந்து வரும். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகிறேன். சிறு வயதிலிருந்தே விலங்குகள் என்றால் எனக்கு உயிர். மீட்பு மையத்தில் வேலைக்குச் சேர என்ன படிக்க வேண்டும்? அங்கே ஒரு நாள் எப்படிக் கழியும்?
— மாணவி, திண்டுக்கல்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அதைப் படித்த பிறகும் உங்கள் ஆர்வம் குறையாவிட்டால் முதல் கேள்விக்கான பதில் பயன்படும்.

காலை ஆறு மணிக்கு முன்பே வேலை தொடங்கிவிடும். காப்பாளர் கூண்டுக்குள் நுழைவதற்கு முன் வெளியில் நின்று தலைகளை எண்ணுகிறார். பிறகு, முந்தின நாள் வைத்த தீனியில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, சாணம் இறுகியிருக்கிறதா இளகியிருக்கிறதா, எந்த விலங்கு மற்றவற்றை விட்டு ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கிறார். காட்டு விலங்கு தன் நோயை மறைத்துக்கொள்ளும் இயல்புடையது. தளர்ந்ததாகக் காட்டிக்கொண்டால் காட்டில் அதற்குப் பிழைப்பில்லை. ஆகவே நோய் நம் கண்ணுக்குத் தெரியும்போது பெரும்பாலும் முற்றியிருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எழுதப் படிக்க அதிகம் தெரியாத மூத்த காப்பாளர் ஒருவர், “சிறுத்தையின் தண்ணீர்த் தொட்டி ஒரு வாரமாகச் சீக்கிரம் காலியாகிறது, ஐயா” என்று வந்து சொன்னார். இரத்தத்தைப் பரிசோதித்தபோது சிறுநீரகம் கெட்டிருப்பது தெரிந்தது. பட்டப் படிப்பு முடித்து வந்திருந்த நான் அந்தத் தொட்டியை ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அதன்பின் கழுவும் வேலை. விலங்கை உள்ளறைக்கு மாற்றி, இடைக்கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, இன்னொருவரையும் இழுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் வெளி அடைப்புக்குள் கால் வைக்க வேண்டும். நோயுற்றவையும் புதிதாக வந்தவையும் இருக்கும் தனிமைக் கூண்டுகளைக் கடைசியாகத்தான் கழுவ வேண்டும். வரிசை மாறினால் ஒரு கூண்டின் கிருமியை வாளியும் துடைப்பமும் இன்னொரு கூண்டுக்குச் சுமந்து செல்லும். பிறகு பழமும் காய்களும் நறுக்குதல், இறைச்சியை எடை போடுதல், குட்டிகளுக்குப் பால் கலக்குதல், எடை பார்த்தல், மருந்தைத் தீனிக்குள் மறைத்து வைத்தல், கடைசியில் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுதல். விலங்கைத் தொட்டுத் தடவும் நேரம் இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது மறதியால் விடுபட்டதல்ல.

இனிப் படிப்பு. மருத்துவராக விரும்பினால் ஐந்தரை ஆண்டுகள் கால்நடை மருத்துவ இளநிலைப் பட்டம் படிக்க வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் சென்னை வேப்பேரியில் உள்ளது 1903 முதல் இயங்கிவருகிறது. விலங்குகளின் நடத்தையும் வாழிடமும்தான் ஈர்க்கிறது என்றால் காட்டுயிர் உயிரியல் படிக்கலாம். உதகை அரசு கலைக் கல்லூரியிலும் மயிலாடுதுறையை அடுத்த மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் அந்தப் படிப்பு உண்டு. ஊதியத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, உங்கள் பெற்றோர் கேட்பார்கள்: அரசுப் பணியில் அமர்ந்தால் கவலையில்லை, தனியார் அறக்கட்டளைகளில் தொடக்க ஊதியம் குறைவு.

எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் பறவைக் குஞ்சு ஒன்று விழுந்து கிடந்தது. பாலில் நனைத்த பஞ்சால் ஊட்டினேன், மறுநாள் இறந்துவிட்டது. மனம் ஆறவில்லை. என்ன செய்திருக்க வேண்டும்?
— இல்லத்தரசி, கும்பகோணம்

உங்களைக் குற்றம் சொல்லும் நோக்கம் எனக்கில்லை. ஆனால் அடுத்த குஞ்சு பிழைக்க வேண்டும் என்பதற்காகத் தெளிவாகவே எழுதுகிறேன். பறவைகள் பால் குடித்து வளர்பவை அல்ல, பாலைச் செரிக்கும் வழி அவற்றின் குடலில் இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து, நாம் அலகுக்குள் சொட்டும் பாலோ தண்ணீரோ மூச்சுக்குழாய்க்குள் போய்விடுவது. குஞ்சின் நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுத் துளை திறந்திருப்பதால், அன்போடு ஊட்டும் இரண்டு சொட்டு அதன் நுரையீரலை நிறைத்துவிடும்.

இறகு முளைத்து, வால் குட்டையாக, தத்தித் தத்தி நடக்கும் குஞ்சு என்றால் அது விழுந்த குஞ்சே அல்ல. பறக்கப் பழகும் குஞ்சு. தாயும் தந்தையும் அருகிலிருந்து இரை கொடுத்துக்கொண்டிருக்கும், நாம் நிற்பதால்தான் இறங்கி வராமல் இருக்கும். பூனையும் நாயும் எட்டாத கிளையில் வைத்துவிட்டு, வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியாக ஓரிரு மணி நேரம் பாருங்கள். இறகே முளைக்காத குஞ்சு என்றால் கூட்டில் திரும்ப வைக்கலாம். கூடு கலைந்திருந்தால் ஓட்டையிட்ட சிறு கூடையில் காய்ந்த புல் வைத்து அதே மரத்தில் கட்டிவிடலாம். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று நம் வீடுகளில் சொல்வது உண்மையல்ல. காயம் இருந்தாலோ பூனை கவ்வியிருந்தாலோ மட்டும், காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, இருட்டாகவும் அமைதியாகவும் வைத்து, எதையும் ஊட்டாமல் மையத்துக்குக் கொண்டுவாருங்கள். பூனையின் பல் பட்ட காயம் வெளியே ஊசிமுனை அளவுதான் தெரியும், உள்ளே சீழ் பிடிக்கும். ஆகவே நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது.

ஒவ்வொரு கோடையிலும் “காக்கைக் குஞ்சு, ஏதோ தோல் நோய்” என்று சொல்லி யாராவது ஒருவர் குயில் குஞ்சைக் கொண்டுவந்து தருவார். காகம் தன் கூட்டில் வளர்த்த பிள்ளையை நாம் அதனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருப்போம்.

ஆறு ஆண்டுகளாகக் கிளி வளர்க்கிறேன். சட்டப்படி குற்றம் என்கிறார்கள். கூண்டைத் திறந்து விட்டுவிடலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ராஜபாளையம்

குற்றம்தான். பச்சைக்கிளி 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்ட பறவை, அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் தண்டனைக்குரியவை. ஆயினும் கூண்டைத் திறந்து விடுவது தீர்வாகாது, ஐயா. ஆறு ஆண்டுகள் சிறகு விரிக்காத பறவையின் மார்புத் தசை மெலிந்திருக்கும். சோறும் மிளகாயும் மட்டுமே தின்று வளர்ந்திருந்தால் எலும்பிலும் ஈரலிலும் கோளாறு இருக்கும். பருந்தைக் கண்டால் எங்கே ஒளிவது என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். முதல் நாளே காகங்கள் விரட்டிக் கொத்தும்.

வனச்சரக அலுவலகத்தில் ஒப்படையுங்கள். மையத்தில் அதை நீண்ட பறவைக்கூண்டில் வேறு கிளிகளோடு விட்டு, வெட்டப்பட்ட இறகுகள் உதிர்ந்து புதியவை முளைக்கும்வரை காத்திருந்து, பறக்கும் தூரத்தை மெல்லக் கூட்டுவார்கள். தேறினால் காடு, தேறாவிட்டால் கூட்டத்தோடு கூண்டு. இரண்டில் எதுவானாலும் தனிக்கூண்டை விட மேல். காட்டுயிர் ஒன்று எவ்வழியில் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையின் அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 39ஆவது பிரிவு சொல்கிறது. அடிபட்டதைக் காப்பாற்றி வீட்டில் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

தாயைப் பிரிந்த யானைக் குட்டியை முகாமுக்குக் கொண்டுபோகிறார்கள். அதை ஏன் மறுபடியும் காட்டில் விடுவதில்லை? இலங்கையில் விடுகிறார்களாமே?
— வாசகர், கோயம்புத்தூர்

நல்ல கேள்வி, விடை நீளமானது.

குட்டி தனித்து நின்றால் முதல் வேலை அதன் தாயைத் தேடுவதுதான். முகாம் என்பது எல்லா வழியும் அடைத்த பிறகு எடுக்கும் முடிவு. 2023 டிசம்பர் இறுதியில் பொள்ளாச்சியை ஒட்டிய ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் கூட்டத்தைத் தவறவிட்ட குட்டியை வனத்துறையினர் தாயிடம் சேர்த்ததும், பிறகு அது தாயின் மேல் சாய்ந்து உறங்கிய படம் நாடெங்கும் பரவியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் உங்கள் ஊரை ஒட்டிய மருதமலை அடிவாரத்தில் நடந்தது வேறு. நோயுற்றுப் படுத்த தாய்க்குச் சிகிச்சை தந்து எழுப்பிக் காட்டுக்கு அனுப்ப முடிந்தது, ஆனால் குட்டியைச் சேர்த்துவைக்கும் முயற்சிகள் பலிக்காமல் அது முதுமலையின் தெப்பக்காடு முகாமுக்குப் போனது. இரண்டிலும் உழைப்பு ஒன்றுதான். யானைகள் எடுத்த முடிவு வேறு.

முகாமுக்கு வந்த குட்டியைப் பிழைக்கவைப்பதே பெரும்பாடு. பிறக்கும்போதே சுமார் 100 கிலோ எடையுள்ள அந்த உடம்பு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளுக்குப் பாலை நம்பியிருக்கிறது. மாட்டுப்பாலின் கொழுப்பு அதன் குடலுக்கு ஒத்துக்கொள்வதில்லை, வயிற்றுப்போக்கு கண்டால் இரண்டு மூன்று நாளில் கதை முடிந்துவிடும். கென்யாவில் அநாதை யானைக்குட்டிகளை எடுத்து வளர்த்த டாப்னி ஷெல்ட்ரிக் பல குட்டிகளை இழந்த பிறகுதான், குழந்தைகளுக்கான பால்மாவோடு தேங்காயெண்ணெய் சேர்த்தால் யானைக்குட்டி தாங்கும் என்று கண்டுபிடித்தார். வயிற்றில் செரிமானக் கிருமிகள் குடியேறுவதற்காகக் குட்டி தாயின் சாணத்தைத் தின்னும் வழக்கம் காட்டில் உண்டு. முகாமில் நலமான பெரிய யானையின் சாணத்தை அருகில் வைத்து அதற்கும் வழி செய்ய வேண்டும்.

பாலைவிடச் சிக்கலானது பாசம். பிறந்த சில நாட்களிலிருந்து ஷெல்ட்ரிக் தாமே வளர்த்த ஆயிஷா என்ற குட்டி, அவர் மகளின் திருமணத்துக்காகச் சில நாட்கள் ஊருக்குப் போயிருந்தபோது உண்ண மறுத்து இறந்துபோனது. அப்போது அதற்கு வயது சுமார் ஆறு மாதம். பாலுக்கோ மருந்துக்கோ குறைவில்லை; அதன் உலகத்தில் இருந்த ஒரே ஒரு ஆள் காணாமல் போயிருந்தார். அதற்குப் பிறகு நைரோபியில் அவர் நடத்திய காப்பகத்தில் ஒரு குட்டியோடு இரவு ஒரே காப்பாளர் தொடர்ந்து தங்குவதில்லை. ஆள் மாற்றி மாற்றிப் படுக்கிறார்கள். குட்டி எல்லாக் காப்பாளர்களையும் தன் கூட்டமாகக் கொள்ள வேண்டும், எவர் ஒருவரையும் தாயாகக் கொள்ளக் கூடாது. பால் குடிக்கும்போது தும்பிக்கையைச் சாய்த்துக்கொள்ள ஒரு போர்வையைத் தொங்கவிடுகிறார்கள், தாயின் வயிற்றைப் போல. வளர்ந்தவை அதே நாட்டின் சாவோ காட்டுக்குப் போய், அங்கே பகலில் காட்டு யானைகளோடு பழகி, பல ஆண்டுகளில் தாமே வீடு திரும்புவதை நிறுத்திக்கொள்கின்றன.

இலங்கையின் உடவளவையில் அந்நாட்டு வனசீவராசிகள் திணைக்களம் 1995இல் தொடங்கிய யானைக்குட்டிகள் இடைத்தங்கல் நிலையம் இதைவிடக் கறாரானது. மூன்று மணி நேரத்துக்கொருமுறை குழாயும் புனலும் வைத்துப் பால் ஊற்றுகிறார்கள். குடித்து முடித்தால் போ என்று விரட்டிவிடுகிறார்கள். பார்வையாளர்கள் மேடையில் தள்ளி நின்றுதான் பார்க்க முடியும். ஏறத்தாழ ஐந்து வயதில், தமக்குள் நட்பான குட்டிகளைக் குழுவாகச் சேர்த்து, கழுத்தில் இருப்பிடம் காட்டும் சமிக்ஞைப் பட்டை கட்டிக் காட்டில் விடுகிறார்கள்; 1998 முதல் நூற்றுக்கும் மேற்பட்டவை இப்படிப் போயிருக்கின்றன. அதே நாட்டின் பின்னவளையில் 1975இல் தொடங்கிய காப்பகமோ குட்டிகளை வளர்த்து, இனம் பெருக்கி, கூட்டத்தோடு வைத்துக்கொண்டது. இரண்டும் அநாதைக் குட்டிகளுக்காகத் தொடங்கியவை, ஆனால் ஒன்று பிரிவதற்காகவே வளர்த்தது.

நம் முகாம்களின் மரபு பாகனும், காவடி எனப்படும் அவரது உதவியாளரும் சேர்ந்து ஒரு யானையைக் கையால் வளர்த்துப் பழக்குவது. அந்த மரபின் திறமையை நான் நேரில் கண்டவன், குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மனிதனைத் தேடி வரும் யானையைத் தோட்டங்களும் சாலைகளும் ஊடறுத்த நம் காட்டில் விட்டால் அது நேரே ஊருக்குள்தான் வரும். உடவளவை முறையை இங்கே செய்து பார்க்க வேண்டுமானால், குட்டி வந்த முதல் நாளிலிருந்தே தொடங்க வேண்டும். மூன்று வயதான பிறகு யோசித்துப் பயனில்லை.

நீங்கள் காப்பாற்றிய விலங்குகள் உங்களை நினைவில் வைத்திருக்கின்றனவா? நன்றி காட்டுமா?
— வாசகி, திருச்சிராப்பள்ளி

ஊசி போடுபவன் என்று நன்றாகவே நினைவில் வைத்திருக்கின்றன. நான் வரும் காலடியோசை கேட்டாலே உள்ளறையின் மூலைக்குப் போய்விடும் குரங்கு ஒன்று இருந்தது.

நன்றியைப் பற்றி ஒரு செய்தி. சேர்ந்த முதலாண்டில், நாய்களிடமிருந்து மீட்ட புள்ளிமான் குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தேன். அலுவலகத்துக்குள் என் பின்னால் வரும், கையை நக்கும், எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். ஆண் மான் அது. கொம்பு முதிர்ந்து தோல் உரிந்த பருவத்தில், தீனி வைக்கப் போன காப்பாளரின் தொடையில் குத்தியது, பதினோரு தையல். காட்டு மானாயிருந்தால் மனிதனைக் கண்டு ஓடியிருக்கும். இது மனிதனைத் தன் இனம் என்று நம்பியதால், போட்டிக்கு வந்த இன்னொரு கிடாவாக அவரைக் கண்டது. குற்றம் மானுடையது அன்று. அந்த மான் தன் ஆயுள் முழுவதையும் தனி அடைப்பில் கழித்தது, அதற்கு நான் கொஞ்சியதுதான் காரணம்.

பன்னேருகட்டாவில் மீட்கப்பட்ட கரடிகளைப் பார்த்தேன். மீட்ட பிறகும் அடைத்து வைத்திருப்பது எப்படி விடுதலையாகும்?
— வாசகர், பெங்களூரு

அந்தக் கரடிகளின் முகத்தை அருகில் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை, ஆனால் தடுப்புக்கு வெளியிலிருந்து அது தெரியாது என்பதால் சொல்கிறேன். அவற்றில் பல முன்பு தெருவில் ஆடியவை. குகையிலிருந்து குட்டியாகத் திருடி, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் மூக்கின் மேற்புறத்தைத் துளைத்து, அந்தப் புண்ணுக்குள் கயிறு கோத்து, கோரைப் பற்களைத் தட்டி உடைத்துத்தான் ஆடவைத்தார்கள். கரடி ஆடியதாக நாம் நினைத்தது, கயிறு சுண்டும் வலிக்கு எழும்பி நின்றதுதான். இந்த இனக் கரடிக்கு மேல்தாடையின் முன்பற்களில் நடு இரண்டும் இயற்கையாகவே இல்லை. அந்த இடைவெளி வழியாகக் கறையானை உறிஞ்சுவதற்கு அதன் வாய் அமைந்திருக்கிறது. மோப்பத்தால் புற்றைக் கண்டு, தோண்டி, ஊதி, உறிஞ்சித் தின்னும் பிராணிக்கு மூக்கும் பல்லும் சிதைந்தால் காட்டில் மிஞ்சுவது பட்டினி. சத்துக்குறைவால் கண் பார்வை போனவையும் அவற்றில் உண்டு, மனிதரோடு மனிதராக அலைந்ததால் காசநோய் பற்றியவையும் உண்டு.

ஆக்ராவை ஒட்டிய சூர் சரோவர் சரணாலயத்தில் உத்தரப்பிரதேச வனத்துறையுடன் சேர்ந்து வைல்டுலைஃப் எஸ்.ஓ.எஸ். அமைப்பு தொடங்கிய கரடி மீட்பு மையத்துக்கு 2002 டிசம்பரில் முதல் கரடி வந்தது. 2009 இறுதிக்குள் தெருக்களிலிருந்து கடைசிக் கரடியும் வந்து சேர்ந்தது. ஆக்ராவிலும் பன்னேருகட்டாவிலும் போபாலிலும் மேற்கு வங்கத்தின் புருலியாவிலுமாக 600க்கும் மேற்பட்ட கரடிகள். பறித்துக்கொண்டு வந்ததோடு நிறுத்தியிருந்தால் இது நடந்திராது. தலைமுறைகளாகக் கரடியை வைத்துப் பிழைத்த கலந்தர் சமூகத்தினருக்கு மாற்றுத் தொழிலுக்கு முதலும் பயிற்சியும் தந்தார்கள்; பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப உதவினார்கள்; சிலர் அதே மையங்களில் காப்பாளர்களாக வேலைக்குச் சேர்ந்தார்கள். மீட்புப் பணியில் நான் மிகவும் மதிக்கும் பகுதி இது; சுற்றுலா வருபவர் கண்ணில் படாத பகுதியும் இதுவே.

இனி அடைப்புக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கூண்டில் நெடுங்காலம் கிடந்த கரடி ஒரே இடத்தில் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும், அல்லது நான்கு அடி போய் நான்கு அடி திரும்பும். அடைப்பு அரை ஏக்கராக இருந்தாலும் பழைய கூண்டின் அளவுக்குத்தான் நடக்கும். அதை மாற்ற, துளையிட்ட மரக்கட்டைக்குள் தேனைத் தடவி வைக்கிறார்கள், பழத்தைப் பனிக்கட்டிக்குள் உறையவைத்துத் தருகிறார்கள், ஊஞ்சலும் டயரும் தொங்கவிடுகிறார்கள், தீனியை ஒரே தட்டில் வைக்காமல் தேடி எடுக்கும்படி பரப்பி வைக்கிறார்கள். வேடிக்கை பார்ப்பவருக்கு விளையாட்டாகத் தெரியும் அது, நாள் முழுதும் இரை தேடும்படி படைக்கப்பட்ட மூளைக்குத் தரும் வேலை. பழம் கொடுத்துப் பழக்கினால் கம்பிக்கு வெளியே தானே கையை நீட்டி இரத்தம் எடுக்க விடும் அளவுக்குக் கரடி கற்றுக்கொள்கிறது, ஒவ்வொரு முறையும் மயக்க ஊசி போட வேண்டியதில்லை.

சென்னையை அடுத்த வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் இத்தகைய பகுதி உண்டு. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைக் காட்சிக்குப் பழக்கக் கூடாது என்று 1998இல் வந்த அறிவிக்கையை 2001 மே மாதம் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோது, சர்க்கஸ்களிலிருந்து வந்த சிங்கங்களையும் புலிகளையும் வைப்பதற்கு நாட்டின் சில இடங்களில் மையங்கள் அமைந்தன, அவற்றில் ஒன்று அது. அங்கே வந்தவற்றை இனம் பெருக்க விடுவதில்லை. கிழத்தன்மையோடு வந்த அவற்றுக்கு ஆயுள் முடியும்வரை நல்ல தீனியும் நிழலும் மருத்துவமும் தருவதுதான் அங்கே வேலை. விடுதலை என்ற சொல் பொருந்தாது என்பதில் உங்களோடு நான் உடன்படுகிறேன். ஓய்வு என்று சொல்லலாம்.

ஆப்பிரிக்காவில் பணம் கட்டி இரண்டு வாரம் சிங்கக்குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் தன்னார்வப் பணிக்குப் போக நினைக்கிறேன். உங்கள் கருத்து?
— மென்பொருள் பொறியாளர், சென்னை

போகாதீர்கள். ஆண்டு முழுவதும் பால் குடிக்கும் சிங்கக்குட்டிகள் இருந்துகொண்டே இருக்கின்றன என்றால் அவை எங்கிருந்து வருகின்றன என்று முதலில் கேளுங்கள். குட்டியைத் தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்தால் தாய் விரைவில் மறுபடி சினைப்படும். அந்தக் கணக்கில் நடக்கும் பண்ணைகள் தென்னாப்பிரிக்காவில் ஏராளம். கையில் வளர்ந்த சிங்கத்தைக் காட்டில் விட முடியாது. பெரிதானதும் வேலியிட்ட நிலத்தில் பணக்கார வேட்டைக்காரர் சுடுவதற்கும் எலும்பு வணிகத்துக்கும் போனவை பல. இந்தத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக 2021இல் அந்நாட்டு அரசே அறிவித்தது.

நல்ல மையத்தை அடையாளம் காண்பது கடினமல்ல. இனம் பெருக்கமாட்டார்கள், விற்கமாட்டார்கள், குட்டியைத் தூக்கிப் படம் எடுக்க விடமாட்டார்கள். உங்களிடம் துடைப்பத்தையும் பழம் நறுக்கும் கத்தியையும் கொடுப்பார்கள். இரண்டு வாரத்துக்கு வருகிறேன் என்றால், ஆள் பழகுவதற்கே அவ்வளவு நாளாகுமே என்று தயங்குவார்கள். உங்கள் தொழிலைக் கொண்டே ஒரு யோசனை சொல்லட்டுமா? நான் பார்த்த மையங்களில் விலங்குகளின் சிகிச்சைக் குறிப்புகள் இன்னும் கனத்த நோட்டுப் புத்தகங்களில்தான் கிடக்கின்றன. அவற்றைக் கணினியில் ஒழுங்குபடுத்தித் தர சனிக்கிழமைதோறும் ஒருவர் வந்தால், நாங்கள் அவரை வாசலில் நின்று வரவேற்போம்.

என் மகன் மையமொன்றில் காப்பாளராகச் சேர்ந்திருக்கிறான். நோய் தொற்றிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், தென்காசி

பயத்தை முன்னெச்சரிக்கையாக மாற்றிக்கொள்ளுங்கள், அம்மா. முதலாவது வெறிநோய் (ரேபிஸ்). அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிது என்பதால், பாலூட்டிகளைக் கையாளுபவர்கள் கடிபடுவதற்கு முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். போட்டிருந்தாலும், கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, ஊக்க ஊசிகளுக்கு மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறு கீறல்தானே என்று மகன் சொன்னால் கேட்காதீர்கள். டெட்டனஸ் ஊசியும் ஆண்டுக்கொருமுறை காசநோய்ப் பரிசோதனையும் அவசியம். வேலை உடையையும் காலணியையும் மையத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வர வேண்டும்.

நோய் எதிர்த்திசையிலும் போகும். 2021 ஜூனில் வண்டலூரில் சிங்கங்களுக்குக் கொரோனா தொற்றி, இரண்டு சிங்கங்கள் இறந்தன. மனிதரின் காசநோய் யானைக்கும், மனிதரின் உதட்டுப்புண் சில குரங்குகளுக்கும் ஆபத்தானவை. உங்கள் மகனுக்குக் காய்ச்சலோ இருமலோ இருக்கும் நாளில் விடுப்பு எடுக்கச் சொல்லுங்கள், அவனுக்காக மட்டுமல்ல.

மாஞ்சா நூலில் சிறகு அறுபட்ட பருந்தை இருபது நாள் பார்த்துக்கொண்டேன். கடைசியில் மருத்துவர் அதைக் கருணைக்கொலை செய்துவிட்டார். உயிரோடு கூண்டில் வைத்திருக்கக் கூடாதா? என்னால் ஏற்க முடியவில்லை.
— இளம் காப்பாளர் (ஊர் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

நீங்கள் எழுதிய விவரப்படி மூட்டை ஒட்டி எலும்பு உடைந்து, தசைநாரும் அறுந்திருக்கிறது. கண்ணாடித்தூள் பூசிய அந்த நூல் தோலை மட்டும் கிழித்திருந்தால் தையலில் தேறியிருக்கும். மூட்டுக்கு அருகில் உடைந்த எலும்பு கூடும்போது மூட்டும் சேர்ந்து இறுகிவிடும், பிறகு சிறகு முழுதாக விரியாது. பருந்து காற்றில் மிதந்து இரை தேடும் பறவை. முக்கால் சிறகு விரிந்தால் அதற்குப் போதாது.

கூண்டில் வைத்திருக்கலாமே என்கிறீர்கள். சில பறவைகள் அப்படி வாழ்கின்றன; கூண்டில் பிறந்த குஞ்சுகளுக்குத் துணையாக இருந்து அவற்றுக்குத் தம் இனத்தின் குரலையும் நடத்தையையும் கற்றுத்தருபவையும் உண்டு. ஆனால் காட்டில் வளர்ந்த முதிர்ந்த பருந்து மனிதரைக் காணும்போதெல்லாம் கம்பியில் மோதும். மோதி மோதி நெற்றித்தோல் உரியும், நல்ல சிறகும் நைந்துபோகும். ஒற்றைக் காலில் எடையைத் தாங்கி நின்று பாதத்தில் புண் வைக்கும். உங்கள் பருந்து இருபதாம் நாளிலும் இரையைத் தானாக எடுக்கவில்லை, வாயைத் திறந்து ஊட்ட வேண்டியிருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மருத்துவர் முதல் வாரத்திலேயே அந்த முடிவை எடுத்திருக்கலாம் என்பதுதான் என் கருத்து. எடுக்காமல் தள்ளிப்போட்டது, உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் இருக்கும். நானும் அப்படித் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

இந்த முடிவு ஒருவர் மனம்போல் எடுப்பதும் அல்ல. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு மீளவே முடியாத அளவு ஊனமுற்றோ நோயுற்றோ இருந்தால், தலைமை வனவுயிர்க் காப்பாளர் காரணங்களை எழுத்தில் பதிந்து அனுமதி தரலாம் என்று அச்சட்டத்தின் 11ஆவது பிரிவு சொல்கிறது.

உங்கள் வேலையில் குறையிருந்ததா என்று கடிதத்தின் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். உடற்கூறாய்வு அறிக்கையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, அவரோடு உட்கார்ந்து படியுங்கள். மூட்டு எந்த நிலையில் இருந்தது, குடலில் என்ன இருந்தது, எடை எந்த நாளிலிருந்து இறங்கத் தொடங்கியது என்று உங்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டம் விடும் பருவம் வந்தால் அடுத்த பருந்து வரும். அது வரும் நாளிலேயே மூட்டுக்கு ஊடுகதிர்ப் படம் (எக்ஸ்-ரே) எடுக்கச் சொல்லி, மூன்றாம் நாளுக்குள் முடிவு சொல்லுமாறு மருத்துவரிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.